கிருமியின் பூர்வீகம்

2021 கோடையில் டீக்கடை பெஞ்சில்கூட ஆல்பா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகள் அடிபட்டன. 'கொரோனாவா?' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 'எந்த கொரோனா?' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் மத்திய அரசு 2020 டிசம்பரில் பத்து ஆய்வகங்களை 'இன்சாகாக்' என்ற பெயரில் ஒன்று சேர்த்தது. அந்தப் பத்தில் இரண்டு ஹைதராபாத்தில், அதுவும் உப்பல் பக்கத்தில் இருந்தன: சிசிஎம்பி என்கிற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும், சிடிஎஃப்டி என்கிற டிஎன்ஏ ரேகை, நோயறிதல் மையமும். ஒரே ஊருக்கு இரண்டு இடம் கிடைத்தது தற்செயல் அல்ல. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் கிருமிகளை மரபணுவின் எழுத்துகளைக் கொண்டு இனம் பிரிக்கும் வித்தை அந்த ஊருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. வைரஸைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்னதாக அது பாக்டீரியாவிடம் கை பழகியிருந்தது. வந்து சேர்ந்த வழிதான் வேடிக்கையானது.

கதையை ஆக்ராவில் தொடங்கலாம். அங்கே அரசாங்க ரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி பிழைப்பதில்லை என்று 1896-ல் எழுதினார். அதே நீரைக் கொதிக்கவைத்தால் அந்தக் குணம் போய்விடுகிறது என்பதையும் கவனித்திருந்தார். காரணம் என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. பாக்டீரியாவைத் தின்றே வாழும் வைரஸ்கள் இருக்கின்றன என்று 1915-ல் லண்டனிலும் 1917-ல் பாரீஸிலும் கண்டுபிடித்து, அவற்றுக்கு 'ஃபேஜ்' என்று பெயரும் வைத்த பிறகுதான், ஹான்கின் பார்த்தது இவற்றின் வேலையாக இருக்கலாம் என்று பலர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஃபேஜுக்கு நாக்கு நீளம். கண்ட பாக்டீரியாவைத் தின்னாது. தனக்குப் பழகிய ரகத்தைத்தான் தேடும். டைபாய்டு கிருமியின் மேல் போர்வையாக இருக்கும் 'விஐ' என்ற பொருளை 1934-ல் ஃபீலிக்ஸ், பிட் இருவரும் கண்டறிந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து டொரொண்டோவில் கிரெய்கியும் யென்னும் அந்தப் போர்வையைக் குறிவைக்கும் ஃபேஜ்களை வளர்த்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரு நோயாளியின் டைபாய்டு கிருமியில் வளர்த்த ஃபேஜ், அடுத்த முறை அந்தக் கிருமியின் சொந்தக்காரர்களையே தேடிப் போய்த் தின்றது. மற்றவற்றை அவ்வளவாக மதிக்கவில்லை. அப்படியானால் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு ஃபேஜைப் பழக்கி வரிசையாக வைத்துக்கொண்டால் போதும். எது தின்கிறது என்பதைப் பார்த்து கிருமியின் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். அந்த ஃபேஜ் தொகுதி நாடு நாடாக அனுப்பப்பட்டு, எல்லா ஊரிலும் நகலெடுத்து வளர்க்கப்பட்டது.

அதன் புகழ் உச்சிக்குப் போனது 1964-ல், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில். ஏறத்தாழ 500 பேருக்கு டைபாய்டு. ஃபேஜ்களை வைத்துப் பார்த்தால் அது 34-ஆம் ரகம். பிரிட்டனில் அபூர்வமானது, தென் அமெரிக்காவில் சகஜமானது. துப்பு ஒரு கடையில் போய் நின்றது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த உப்பிட்ட மாட்டிறைச்சி டப்பா ஒன்றை அங்கே துண்டு போட்டு விற்றிருந்தார்கள். மூடிச் சுடவைத்த டப்பாவைத் தொழிற்சாலையில் சுத்திகரிக்காத ஆற்றுநீரில் ஆறவைத்திருக்கிறார்கள். விளிம்பில் இருந்த நுண்ணிய இடுக்கு வழியே கிருமி உள்ளே போய் அட்லாண்டிக் கடலைத் தாண்டிவிட்டது. கடையில் இருந்த வெட்டு எந்திரம் மற்ற இறைச்சிக்கும் அதைப் பரப்பியது. கிருமியும் ஏற்றுமதிச் சரக்குதான் என்பதை இவ்வளவு பச்சையாக வேறு எந்தச் சம்பவமும் காட்டியதில்லை.

ஆனால் ஃபேஜ் உயிருள்ள கருவி. பராமரிக்க வேண்டும், முடிவைக் கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டும், அதிலும், கிருமியின் போர்வையைப் பற்றி மட்டுமே அது பேசும். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்க வழி பிறந்தது 1977-ல். கேம்பிரிட்ஜில் ஃப்ரெட் சாங்கர் குழு முதன்முதலாக ஒரு முழு டிஎன்ஏ மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தது. யாருடையது தெரியுமா? ஒரு ஃபேஜினுடையது. ஐயாயிரத்துச் சொச்சம் எழுத்து.

எழுத்தைப் படித்துவிட்டால் உறவு சொல்வது எப்படி? தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைச் சேர்த்து, வரிக்கு வரி ஒப்பிட்டு 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அந்த வேலைதான். ஏடு பெயர்த்தவர் ஓரிடத்தில் பிழை செய்தால், அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவரும் அதையே எழுதுவார். ஆகவே ஒரே பிழையைச் சுமக்கும் சுவடிகள் ஒரே தாயின் பிள்ளைகள். கிருமியும் பிளக்கும்போதெல்லாம் தன் ஏட்டைப் பெயர்த்தெழுதுகிறது. எப்போதாவது ஓர் எழுத்துத் தப்புகிறது. அந்தத் தப்பு வழிவழியாக வருகிறது. இந்த ஒப்புமையை நான் வலிந்து சொல்லவில்லை. உயிரினங்களின் வம்சாவளியை வரையும் கணினி நிரலை வைத்து, சாசர் எழுதிய ஆங்கிலக் காவியத்தின் ஒரு பகுதிக்கு உள்ள 58 கையெழுத்துப் பிரதிகளுக்குக் குடும்ப மரம் போட்டு 1998-ல் 'நேச்சர்' இதழிலேயே வெளியிட்டார்கள்.

இனி ஹைதராபாத். இந்த ஊருக்கு டிஎன்ஏ ரேகை வந்தது ஒரு பாம்பின் வழியாக. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட கட்டுவிரியனில் ஆண் எது, பெண் எது என்பதை எந்த மரபுப்பொருள் தீர்மானிக்கிறது என்று ஆராய்ந்தவர் லால்ஜி சிங். எடின்பரோவில் வேலை செய்தபோது, பெண் பாம்பின் குரோமோசோமில் திரும்பத் திரும்ப வரும் ஒரு டிஎன்ஏ துண்டை அவர் பிரித்தெடுத்தார். அந்தத் துண்டு மனித டிஎன்ஏவிலும் போய் ஒட்டியது. ஆளுக்கு ஆள் வேறு கோலமாக. 1987-ல் சிசிஎம்பிக்கு வந்தவர் அதையே இந்தியாவின் டிஎன்ஏ ரேகைக் கருவியாக்கினார். வாரிசு வழக்குகளில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் கிடைத்த உடற்பகுதிகளை அடையாளம் காண்பதுவரை அது உதவியது. இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இதே இடத்துக்கு வந்து சேர்ந்ததும் இன்னொரு பிராணியின் வழியாக: அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கடல்நாயின் தசைப்புரத மரபணு. கடல்நாயை மறந்துவிடாதீர்கள், மறுபடி வரும்.

மனிதருக்குச் செய்ததைக் கிருமிக்கும் செய்து பார்க்கும் ஆசை உடனே வந்தது. காசநோய்க் கிருமியில் இடம் விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று உண்டு. ஐஎஸ்6110 என்பது அதன் பெயர். ஒரு ரகத்தில் பத்துப் பிரதிகள் இருந்தால் இன்னொன்றில் பதினைந்து இருக்கும். இருக்கும் இடங்களும் மாறும். டிஎன்ஏவை வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டு, இந்தத் துண்டு எங்கெங்கே தெரிகிறது என்று பார்த்தால் ஏணிப்படிபோல் பட்டைகள் விழும். ஏணி ஒத்துப்போனால் ஒரே ரகம். 1993-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று உலகம் முழுவதற்கும் ஒரே செய்முறை வகுத்தார்கள்.

அந்தச் செய்முறை சென்னையில் சறுக்கியது. சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த நிறுவனம் நம் ஊர் நோயாளிகளின் கிருமிகளை இப்படி ஓடவிட்டுப் பார்த்தபோது, கணிசமானவற்றில் ஒரே ஒரு பட்டைதான் விழுந்தது. சிலவற்றில் அதுவும் இல்லை. எல்லாருக்கும் ஒரே பட்டை என்றால் யாரை யாரிடமிருந்து பிரிப்பது? உலகத் தரம் என்று பேர் வாங்கிய கருவி, காசநோய் மிகுந்த நாட்டிலேயே கைகொடுக்கவில்லை. இதைக் கருவியின் தோல்வி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். என் கணக்கில், இந்தக் கதையின் மிக நல்ல திருப்பம் இதுதான். நம் கிருமிகள் ஏன் அப்படி இருந்தன என்ற கேள்வி அங்கேதான் முளைத்தது.

பட்டை விழாத கிருமிகளுக்காக வேறு வழி தேடியவர்களும் நெதர்லாந்துக்காரர்கள்தான். காசநோய்க் கிருமியில் ஓரிடத்தில் ஒரே வாசகம் அடுத்தடுத்து வருகிறது. இரண்டு வாசகங்களுக்கு நடுவே வெவ்வேறு இடைத்துண்டுகள். 43 இடைத்துண்டுகளில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று ஒரு சவ்வில் புள்ளி வைத்துப் பார்க்கும் முறை 1997-ல் வந்தது. பேர் ஸ்பாலிகோடைப்பிங். சென்னைக் கிருமிகளும் இதில் பிடிபட்டன. அந்த வாசக வரிசை எதற்காக இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2002-ல் நெதர்லாந்திலேயே அதற்கு கிரிஸ்பர் என்று பெயர் வைத்தார்கள். ஃபேஜிடமிருந்து தப்ப பாக்டீரியா வைத்திருக்கும் குற்றப் பதிவேடு அது என்பது பிறகு புரிந்தது. அதே அமைப்பிலிருந்து மரபணுவை வெட்டும் கத்தரி செய்தவர்களுக்கு 2020-ல் நோபல் பரிசு. அந்தப் பரிசுக்கு வெகு முன்பே கிரிஸ்பர் காசநோய்ப் பிரிவில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

சென்னைக் கேள்விக்கு 2006-ல் ஒரு பதில் வந்தது. பாஸ்டர் நிறுவனமும் ஹைதராபாத் சிடிஎஃப்டியும் சேர்ந்து இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த காசநோய்க் கிருமிகளைப் பார்த்தன. உலகின் பிற இடங்களில் பரவிய 'நவீன' ரகங்கள் தொலைத்துவிட்ட ஒரு டிஎன்ஏ துண்டை இந்தியக் கிருமிகளில் பெரும்பாலானவை இன்னும் வைத்திருந்தன. அதாவது, மூத்த கிளையைச் சேர்ந்தவை. சென்னையில் பட்டை விழாமல் போனதற்கும் காரணம் இந்த முதுமைதான். பழைய கிளையில் ஐஎஸ்6110 அவ்வளவாகப் பெருகவில்லை.

அந்தக் காலத்தில் சிடிஎஃப்டியில் நியாஸ் அகமது குழு கையாண்ட முக்கியக் கருவி ஒன்று விதை வியாபாரத்திலிருந்து வந்தது. பயிர் ரகங்களைப் பிரித்தறிய நெதர்லாந்தின் கீஜீன் நிறுவனம் உருவாக்கி 1995-ல் வெளியிட்ட ஏஎஃப்எல்பி முறை அது. விதைக்காரர்கள் தங்கள் ரகத்தை அடையாளம் காணச் செய்ததைக் கிருமிக்காரர்கள் இரவல் வாங்கி, ஒளிரும் சாயம் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். அர்ஜென்டினா, ஆஸ்திரேலியக் கடல்நாய்களைத் தாக்கும் காசநோய்க் கிருமி தனி இனம் என்பதற்கு 2003-ல் இந்த முறையில் சான்று காட்டியது ஹைதராபாத் குழு. கடற்கரை இல்லாத ஊரில் கடல்நாய்க் கிருமி! பதினோரு ஆண்டுக்குப் பிறகு, பெரு நாட்டில் கொலம்பஸுக்கு முன் வாழ்ந்தவர்களின் எலும்பில் கிடைத்த காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைப் படித்தார்கள். அதற்கு மிக நெருங்கிய சொந்தம் இந்தக் கடல்நாய்க் கிருமிதான். அமெரிக்கக் கண்டத்துக்குக் காசநோயை முதலில் கொண்டுவந்தது ஸ்பானியர் கப்பல் அல்ல, நீந்தி வந்த பிராணி என்று ஆயிற்று.

வயிற்றுப்புண் தரும் ஹெலிகோபாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1998-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மார்ட்டின் மெய்டன் குழு, சில மரபணுக்களை மட்டும் படித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கும் முறையைத் தந்தது. பட்டைப் படத்தை ஓர் ஆய்வகத்திலிருந்து இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழக்குதான் மிஞ்சும். எண்ணை அனுப்பினால் வழக்கில்லை. நகலெடுக்க எளிதான எதுவும் வேகமாகப் பரவும். இந்த முறையில் 2007-ல் ஹைதராபாத் குழு இந்திய ஹெலிகோபாக்டரில் ஐரோப்பிய உறவைக் காட்டியது. 2009-ல் மலேசியாவிலிருந்து வந்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. மலாய்க்காரர்களின் வயிற்றில் இருந்த கிருமி அங்குள்ள இந்தியர்களின் கிருமிக்குச் சொந்தம். அண்மைக் காலத்தில்தான் கைமாறியிருக்கிறது. தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் கப்பலேறியவர்கள் சொல்லாமல் கொண்டுபோன சாமான்களில் இதுவும் ஒன்று.

தொழுநோய்க் கிருமியிடம்தான் எல்லாக் கருவியும் திணறியது. அதை ஆய்வகத் தட்டில் வளர்க்கவே முடியாது. உடல் சூடு குறைந்த, ஓடு போர்த்த அர்மடில்லோ என்ற அமெரிக்கப் பிராணியின் உடலில் வளரும் என்பது 1971-ல்தான் தெரிந்தது. இந்தக் கிருமியின் முழு மரபணுத் தொகுதி 2001-ல் வெளியானபோது அந்த ரகத்துக்கு இட்டிருந்த பெயர் 'டிஎன்'. விரித்தால் தமிழ்நாடு. நம் ஊர் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்து, அர்மடில்லோவில் பெருக்கி, பாரீஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஸ்டூவர்ட் கோல் தலைமையில் படிக்கப்பட்டது. இன்றைக்கும் உலகில் எங்கே தொழுநோய்க் கிருமியைப் படித்தாலும் ஒப்பிட்டுப் பார்ப்பது தமிழ்நாட்டு ஏட்டோடுதான்.

ஒப்பிட்டால் பெரிதாக வேறுபாடே இல்லை என்பதுதான் சங்கடம். பிரேசில் ரகமும் தமிழ்நாட்டு ரகமும் 99.995 சதவீதம் ஒன்று. முப்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் எழுத்தில் நூற்றுச் சொச்சம் எழுத்துகளே மாற்றம். அதிலும் மூன்றே மூன்று எழுத்துகளை வைத்து 2005-ல் உலகத்துத் தொழுநோயை நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஆசியாவில் முதல் வகை. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள நான்காம் வகை கரீபியன் தீவுகளிலும் இருக்கிறது. அடிமைக் கப்பல்கள் போன வழி அது.

கண்டங்களைப் பிரிக்க மூன்று எழுத்து போதும். ஒரே தெருவில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல அது உதவாது. அந்த வேலையைக் கையில் எடுத்த இடங்களில் ஒன்று ஹைதராபாத் செர்லபள்ளியில் உள்ள ப்ளூ பீட்டர் ஆராய்ச்சி மையம். பெயர் விநோதமாக இருக்கிறதா? பிபிசியின் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி அது. அதன் நேயர்களான பிரிட்டிஷ் பிள்ளைகள் திரட்டிய பணத்தின் உதவியால் 'லெப்ரா' அமைப்பு எழுப்பிய ஆய்வகம்.

தொழுநோய்க்கு மாதிரி எடுப்பது கண்ணால் பார்க்க வேண்டிய காரியம். காது மடலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ரத்தம் விலகித் தோல் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடிப்பார்கள். வெளுத்த தோலில் பிளேடால் சில மில்லிமீட்டர் மட்டும் கீறி, அதே பிளேடைத் திருப்பி உள்ளிருந்து சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வட்டமாகத் தேய்ப்பார்கள். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். பல காலம் அவற்றை எண்ணுவதோடு வேலை முடிந்தது. இப்போது அதே சுரண்டலிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம். கிருமியின் ஏட்டில் இரண்டு மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்பும் இடங்கள் உண்டு. பெயர்த்தெழுதும்போது அங்கே எண்ணிக்கை எளிதில் தவறும். ஒருவரிடம் எட்டு முறை, இன்னொருவரிடம் பத்து முறை. லண்டன், கொலராடோ ஆய்வாளர்களோடு சேர்ந்து செர்லபள்ளி மையம் இந்த எண்ணிக்கைகளைக் கணக்கெடுத்தது. ஒரே வீட்டில் பலருக்கு நோய் கண்ட குடும்பங்களில் கிருமிகளின் இந்தத் திரும்பல் எண்ணிக்கை நெருங்கி ஒத்துப்போனது. வேறு வேறு வீடுகளுக்கு வேறு வேறு கோலம்.

இனி வேகமாக வரலாம். மரபணுவைப் படிப்பது மலிவானதற்கு ஒரு மதுக்கடை மேசையும் காரணம். 1997-ல் கேம்பிரிட்ஜின் பேன்டன் ஆர்ம்ஸில் உட்கார்ந்து, டிஎன்ஏ துண்டுகளைக் கண்ணாடிப் பரப்பில் ஒட்டி ஒளியால் படிக்கலாமே என்று பேசியவர்கள் டேவிட் க்ளெனெர்மேனும் சங்கர் பாலசுப்ரமணியனும். பின்னவர் பிறந்தது சென்னையில். அவர்கள் தொடங்கிய சோலெக்சா நிறுவனத்தை 2007-ல் அமெரிக்காவின் இல்லுமினா வாங்கியது. சில மரபணு, 43 இடைத்துண்டு என்று பொறுக்கிப் பார்க்கும் அவசியம் குறைந்தது. முழு ஏட்டையும் படித்துவிடலாம்.

டைபாய்டுக்கு அதைச் செய்தார்கள். 63 நாடுகளிலிருந்து வந்த 1,832 கிருமிகளின் ஏடுகள் 2015-ல் ஒப்பிடப்பட்டன. 'எச்58' என்ற ஒரே கிளை தெற்காசியாவில் தோன்றி, பல மருந்துகளுக்கு மசியாமல், ஆப்பிரிக்காவரை போயிருந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கிளை இன்னும் ஒருபடி மேலே போனது, அதுவும் ஹைதராபாத்தில். நம் ஹைதராபாத் அல்ல. பாகிஸ்தான் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத். பிள்ளைகளுக்கு வந்த டைபாய்டு, வழக்கமாகக் கொடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்கவில்லை. கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகம் சேகரித்த கிருமிகளைக் கேம்பிரிட்ஜ் அருகே சாங்கர் மையத்தில் படித்தபோது மர்மம் உடைந்தது. எச்58 கிருமி, குடலில் வாழும் ஈ.கோலையிடமிருந்து மருந்தெதிர்ப்பு மரபணுக்கள் அடங்கிய ஒரு வளையத்தை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. விழுங்கும் மாத்திரையில் மிஞ்சியது அசித்ரோமைசின் மட்டும்.

மருந்து தோற்ற இடத்துக்குத் தடுப்பூசி போனது. 2018-ல் சிந்து ஹைதராபாத்தில் ஆறு மாதம் முதல் பத்து வயதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். அந்த ஊசியில் இருந்தது 1934-ல் கண்டுபிடித்த அதே விஐ போர்வை, டெட்டனஸ் புரதத்தோடு இணைத்தது. பெயர் டைப்பார் டிசிவி. தயாரிப்பு, பாரத் பயோடெக், ஹைதராபாத், இந்தியா. மருந்துக்கு மசியாத டைபாய்டிலிருந்து அது 97 சதவீதம் காத்ததாக 2021-ல் ஆய்வு முடிவு வந்தது. இரண்டு நாடுகளின் உறவும் மிக இறுக்கமாக இருந்த ஆண்டுகள் அவை. டைபாய்டுக்கான இந்த வகைத் தடுப்பூசியைத் தன் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உலகிலேயே முதலில் சேர்த்த நாடு பாகிஸ்தான், 2019 நவம்பரில்.